உப்பளத்து ரொக்க நோட்டிலிருந்து பேலன்ஸ் ஷீட் போட முடியுமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கத்தில் உங்கள் அப்பா எட்டு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். கணக்கு என்று இருப்பது ஒரே ஒரு நீள நோட்டு: இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, அடியில் கையிருப்பு. கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கி 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் கேட்கிறது. தெரிந்த ஆடிட்டரோ, “விற்பனை எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள், எட்டு சதவீதம் லாபம் போட்டு மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். அது சரிதானா, அந்த நோட்டை வைத்து நாமே போட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிவம் எங்கே கிடைக்கும் என்பது சின்ன விஷயம். பணம் கைமாறியதை மட்டும் எழுதிய நோட்டிலிருந்து, தொழில் அந்த ஆண்டு எவ்வளவு சம்பாதித்தது என்று நம்பத்தகுந்த ஓர் எண்ணை எடுக்க முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. முடியும். ஆனால் நோட்டில் இருப்பது பாதிதான். மீதிப் பாதியை வெளியே தேட வேண்டும், சீசன் தொழிலில் அது பெரும்பாலும் மார்ச் 31 என்ற கோட்டைச் சுற்றியே கிடக்கும். தென் மாவட்டங்களில் உப்பளம், பட்டாசு, மாம்பழம் என்று சீசன் தொழில்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் நோட்டையும் குத்தகைப் பத்திரத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை, முறை மட்டும்தான் உங்களுக்கு. 2024-25 ஆண்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை நோட்டைத் திறப்பதல்ல. இரண்டு வெள்ளைத் தாள்களை எடுத்து, ஒன்றின் தலையில் 1-4-2024, மற்றதில் 31-3-2025 என்று எழுதுங்கள். அந்தந்த நாளில் தொழிலுக்குச் சொந்தமாக என்னென்ன இருந்தது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்று அப்பாவை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவர்களுக்கு இது முழுமைபெறாப் பதிவேடுகள் பாடத்தில் வரும் நிலை அறிக்கை என்று தெரியும். பாதிப் பேர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் ஏற்கெனவே போட்டு முடித்த லாபத்துக்கு ஏற்றபடி சொத்துகளை வளைக்கத் தோன்றும். முதலிலேயே எழுதிவிட்டால் அந்த இரண்டு தாள்களும் பின்னால் உங்களைச் சோதிக்கும் சாட்சிகளாக நிற்கும்.

இப்போது விற்பனை. உப்பு வியாபாரிகளிடமிருந்து வந்ததாக நோட்டில் உள்ள வரவு 9,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது விற்பனை ஆகாது. சில வியாபாரிகள் அப்பாவுக்குப் பதில் உங்கள் எண்ணுக்கு யுபிஐயில் போட்டிருப்பார்கள், அது நோட்டில் ஏறியிருக்காது. உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால் அப்படி 1,75,000 வந்திருக்கிறது என்று கொள்வோம். மொத்தம் 11,15,000. இதில் 1,20,000 முந்தைய ஆண்டு ஏற்றிய லோடுகளுக்கான பாக்கி, அதைக் கழிக்க வேண்டும். இந்த மார்ச்சில் ஒரு வியாபாரி வரப்போகும் உப்புக்காகக் கொடுத்த 50,000 முன்பணம், அதுவும் விற்பனை அல்ல, கடன்தான். மார்ச் கடைசியில் ஏற்றிப்போய் இன்னும் பணம் வராத லோடுகள் 85,000, அதைக் கூட்ட வேண்டும். ஆக விற்பனை 10,30,000. இதற்கு முந்தைய ஆண்டு முடிவில் முன்பணம் எதுவும் நிலுவையில் இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருந்திருந்தால் அது இந்த ஆண்டு விற்பனையில் சேரும்.

இந்த 10,30,000-ஐ அப்படியே நம்ப வேண்டாம். உப்பளக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது: லாரி எடைமேடையில் ஏறாமல் வெளியே போவதில்லை. அந்தச் சீட்டுகள் எங்காவது ஒரு கம்பியில் குத்தித் தொங்கும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கசங்கிக் கிடக்கும். தேதிவாரியாக அடுக்கி டன்னைக் கூட்டுங்கள். 600 டன் வருகிறது என்றால் ஒரு டன்னுக்குச் சராசரி 1,717 ரூபாய். அந்த ஆண்டு அப்பா விற்ற விலை 1,500-க்கும் 2,000-க்கும் நடுவில் ஓடியது என்றால் கணக்கு நிற்கிறது. சராசரி 1,200 என்று வந்தால் எங்கோ ஒரு வியாபாரியின் பணம் முழுவதுமாக விடுபட்டிருக்கிறது. 2,300 வந்தால் கடனாக வாங்கிய பணமோ, உங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்ததோ வரவில் கலந்திருக்கிறது. நோட்டு எப்படி எழுதப்பட்டிருந்தாலும் எடைச் சீட்டு அதற்குத் தெரியாமல் எழுதப்பட்டது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

சீட்டுகள் பாதி தொலைந்துபோயிருந்தால் அவசரப்பட்டு ஊகிக்காதீர்கள். வழக்கமாக வாங்கும் வியாபாரி நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களிடம் உங்கள் பெயரில் உள்ள பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் நோட்டு உங்கள் நோட்டைவிட ஒழுங்காகவே இருக்கும், ஏனென்றால் கொடுத்த முன்பணத்தை யாரும் மறப்பதில்லை.

அடுத்து வருவதுதான் இந்தத் தொழிலின் நுட்பமான இடம். மழை ஓய்ந்து ஜனவரியில் வரப்பு கட்டுவது, சேறு அள்ளுவது, பாத்தி மிதிப்பது என்று ஆரம்பித்து, உப்பு நன்றாக விளைந்து வார ஆரம்பிப்பதற்குள் மார்ச் வந்துவிடும். நிதியாண்டோ அந்த மார்ச்சோடு முடிகிறது. பணம் எல்லாம் கோட்டுக்கு இந்தப்பக்கம் செலவாகிறது, உப்பு அந்தப்பக்கம் விளைகிறது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை பாத்தி தயார் செய்ய 1,60,000 ஆனது என்றால், அதை 2024-25-இன் செலவு என்பதா, 2025-26-இல் விளையப்போகும் உப்பின் அடக்கவிலை என்பதா?

இதில் எது உறுதி, எது விவாதத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்கிறேன். சரக்கை இப்போதுள்ள நிலைக்குக் கொண்டுவர ஆன உற்பத்திச் செலவு சரக்கின் அடக்கவிலையில் சேரும் என்பது சரக்கிருப்பை மதிப்பிடுவதற்கான கணக்கியல் தரநிலை 2-இன்படி உறுதி. பாத்தியில் காய்ந்துகொண்டிருக்கும் நீரும், அதற்காகத் தயாரான பாத்தியும் முடிவுறாத உற்பத்தி என்று கொண்டு அந்தச் செலவை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பது என் நிலைப்பாடு. நல்ல அனுபவம் உள்ள சிலர் இதை ஏற்பதில்லை. இது ஒவ்வோர் ஆண்டும் வரும் பராமரிப்புதானே, செலவான ஆண்டிலேயே எழுதிவிடு என்பார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. இந்த ஆண்டின் 1,60,000-ஐ வெளியே தள்ளிவிட்டு, போன ஆண்டு இதே மாதங்களில் ஆன 1,45,000-ஐ உள்ளே கொண்டுவர மறந்துவிடுவது. இரண்டையும் செய்தால், எதையும் தள்ளாமல் விட்டதைவிட லாபம் 15,000 மட்டுமே கூடும். ஒன்றை மட்டும் செய்தால் 1,60,000 கூடிவிடும். கடனுக்காகப் போடும் கணக்குகளில் நான் அதிகம் பார்க்கும் ஊதிப்பெருக்கல் இதுதான், பல நேரம் செய்தவருக்கே தெரியாமல் நடந்திருக்கும்.

அந்த 1,60,000-க்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கும். சீசன் ஆரம்பத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் முன்பணத்தையும் அப்பா கூலி என்றே எழுதியிருப்பார். அதில் 30,000 இன்னும் வேலையில் கழியவில்லை என்றால், 1,30,000 பாத்திச் செலவு, 30,000 தொழிலாளர் முன்பணம் என்று பிரித்துக் காட்டுங்கள். இரண்டும் பேலன்ஸ் ஷீட்டில்தான் உட்காரும், லாபம் மாறாது. இருந்தாலும் ஆள் வராமல் போனால் போய்விடக்கூடிய பணம் எது என்று வங்கிக்குத் தெரிய வேண்டும்.

குத்தகையும் இப்படித்தான் கோட்டைத் தாண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான தொகையை ஜனவரியில் மொத்தமாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 2024-க்கு 1,00,000, 2025-க்கு 1,20,000. நோட்டில் இந்த நிதியாண்டில் 1,20,000 தெரியும். கணக்கில் வர வேண்டியது போன குத்தகையின் மிச்ச ஒன்பது மாதம் 75,000, புதுக் குத்தகையின் மூன்று மாதம் 30,000, ஆக 1,05,000. மீதி 90,000 முன்கூட்டிக் கொடுத்த செலவாக பேலன்ஸ் ஷீட்டுக்குப் போகும். மழைக்காலத்தில் உற்பத்தியே இல்லையே, அந்த மாதங்களுக்கும் ஏன் பங்கு போட வேண்டும் என்று கேட்கலாம். நிலம் அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறது, மாதவாரியாகப் பிரிப்பது எளிது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கரண்ட் பில், டீசல் பாக்கி எல்லாம் சின்னத் திருத்தங்கள்: ஆண்டு ஆரம்பத்தில் பாக்கி 6,000, முடிவில் 9,000 என்றால் நோட்டில் உள்ள 1,10,000-உடன் 3,000 கூட்டினால் போதும்.

மோட்டார், பம்ப் ஆகியவற்றுக்கு வருமான வரி விதிப்படி 15 சதவீதம் தேய்மானம். சீசனில் மட்டும் ஓடுவதால் பாதிதான் போட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி என்ற விதி, வாங்கிய ஆண்டுக்கு மட்டும்தான். 2025 பிப்ரவரியில் வாங்கிய மோட்டாருக்கு அந்த ஆண்டு 7.5 சதவீதம். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து, மழையில் ஆறு மாதம் சாக்கு மூடி வைத்திருந்தாலும், முழு 15.

சரக்கிருப்பு. மார்ச் 31 அன்று களத்தில் எத்தனை டன் கிடந்தது என்று இப்போது யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. பின்னோக்கிப் போகலாம்: ஏப்ரலில் பழைய அம்பாரத்திலிருந்து ஏற்றிய லோடுகளின் எடைச் சீட்டுகளைக் கூட்டுங்கள், அதுதான் மார்ச் 31 இருப்பு. புது உப்பு அதே அம்பாரத்தில் கொட்டப்பட்டிருந்தால், வாரு கூலி (பாத்தியிலிருந்து உப்பை வாரியதற்கான கூலி) கொடுத்த கணக்கிலிருந்து அதை மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். இங்கே நீர் வடிந்தும் காற்றின் ஈரத்தில் கரைந்தும் போகும் எடை இழப்பு வரும், அதனால் இந்த எண் ஒரு மதிப்பீடுதான், அப்படியே அடிக்குறிப்பில் எழுதுங்கள். 25 டன், உற்பத்தி அடக்கம் டன்னுக்கு 1,200 என்றால் 30,000 ரூபாய். அன்றைய விற்பனை விலையில் ஏற்றுக்கூலி போக 1,200-க்குக் கீழே கிடைக்கும் என்றால் அந்தக் குறைந்த விலையைத்தான் போட வேண்டும். விற்பனை விலை 1,700 ஆயிற்றே, அதையே போடலாமே என்றால், கூடாது. இன்னும் சம்பாதிக்காத லாபம் அது. ஆண்டு ஆரம்ப இருப்பு 20 டன், 20,000 ரூபாய் என்று கொள்கிறேன்.

ஆரம்ப இருப்பு ஏன் அவ்வளவு குறைவு என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில், மாவட்டம் முழுக்க அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்தது. உங்கள் 2023-24 கணக்கின் முக்கியமான நிகழ்வு அதுவாகத்தான் இருக்கும், ஆனால் அப்பாவின் நோட்டில் டிசம்பர் 18-ஆம் தேதி ஒரு வரிகூட இருக்காது. பணம் எதுவும் கைமாறவில்லையே! கரைந்த உப்பு மார்ச் 31, 2024 இருப்பில் இல்லாததாலேயே நட்டம் தானாகக் கணக்கில் வந்துவிடும். அதை மறுபடி தனியாக ஒரு செலவாக எழுதினால் இரட்டிப்பாகும். எத்தனை டன், என்ன அடக்கவிலை என்று கணக்குக்குள்ளேயே தனி வரியாகப் பிரித்துக் காட்டினால் மட்டும் போதும். வங்கி அதிகாரி அந்த ஆண்டின் குறைந்த லாபத்தைப் பார்த்துத் தொழிலே படுத்துவிட்டது என்று நினைக்காமலிருக்க அந்த ஒரு வரி உதவும்.

வெள்ளத்தோடு ஒட்டி இன்னொன்று. 2024 ஜனவரியில் உடைந்த வரப்புகளைத் திரும்பக் கட்டியதற்கு ஆன கூடுதல் செலவு, வழக்கமான பாத்தி தயாரிப்பு அல்ல. அது வெள்ள நட்டம், 2023-24-இலேயே தீர்ந்துவிட வேண்டும். மேலே நான் சொன்ன 1,45,000 வழக்கமான பகுதி மட்டும். எல்லாவற்றையும் சேர்த்து 2024-25-க்குத் தள்ளிவிட்டால், வெள்ளம் வராத ஆண்டின் தலையில் வெள்ளத்தைக் கட்டுவதாகும். நிவாரணமோ காப்பீட்டுத் தொகையோ வந்திருந்தால் அதையும் விற்பனையில் கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

சரி, கூட்டிப் பார்ப்போம். ஆரம்பச் சரக்கு 20,000, போன ஆண்டிலிருந்து வந்த பாத்திச் செலவு 1,45,000, சீசன் கூலி 3,10,000, குத்தகை 1,05,000, கரண்ட்டும் டீசலும் 1,13,000, தார்ப்பாய், கீற்று, சில்லறைச் செலவுகள் 60,000, 80,000 ரூபாய் மோட்டாருக்குத் தேய்மானம் 12,000. மொத்தம் 7,65,000, இறுதிச் சரக்கு 30,000 போக 7,35,000. விற்பனை 10,30,000-இலிருந்து கழித்தால் லாபம் 2,95,000. நோட்டை மட்டும் பார்த்தால் உப்பு வரவு 9,40,000, தொழில் செலவு 7,60,000, மிச்சம் 1,80,000. எட்டு சதவீதக் கணக்கில் 82,400. ஒரே தொழில், ஒரே ஆண்டு, மூன்று எண்கள்.

இனி அந்த இரண்டு தாள்களை வெளியே எடுங்கள். ஆரம்பத்தில் கையில் ரொக்கம் 12,000. உப்பு வரவு 9,40,000, சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கியது 1,00,000. செலவு 7,60,000, வீட்டுக்கு என்று எழுதியது 1,10,000. அப்படியானால் மார்ச் 31 அன்று 1,82,000 இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 17,000. இடையில் 1,65,000-ஐக் காணோம். இந்த மாதிரி நேரத்தில் வித்தியாசத்தை அப்படியே ‘எடுப்புகள்’, அதாவது உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுத்த பணம், என்று எழுதி மூடிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது உண்மையும்கூட, பள்ளிக்கூடக் கட்டணம், மருத்துவமனை, சீர்வரிசை எதுவும் நோட்டில் ஏறாது. ஆனாலும் ஒரு முறை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், மாதம் எவ்வளவு கைக்கு வந்தது என்று. அவர் சொல்லும் கணக்கு இந்தத் தொகைக்குக் கிட்டே வரவில்லை என்றால், எழுத மறந்த தொழில் செலவு ஏதோ இருக்கிறது, லாபம் அந்த அளவுக்குக் குறையும். என்னால் வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாத இடம் இது.

முழுவதும் வீட்டுச் செலவுதான் என்று வைத்து பேலன்ஸ் ஷீட்டை முடிப்போம். மார்ச் 31, 2025 அன்று மோட்டார் 68,000, சரக்கு 30,000, பாத்திச் செலவும் முன்பணமும் 1,60,000, முன்கூட்டிய குத்தகை 90,000, வர வேண்டியது 85,000, ரொக்கம் 17,000, ஆக 4,50,000. தர வேண்டியது சித்தப்பா 1,00,000, வியாபாரி முன்பணம் 50,000, கரண்ட் பில் 9,000. மிஞ்சும் முதல், அதாவது தொழிலில் இருக்கும் அப்பாவின் சொந்தப் பணம், 2,91,000. அதே முறையில் ஆரம்பத் தாளைக் கணக்கிட்டால் முதல் 4,46,000. லாபம் 2,95,000 சேர்த்தும் முதல் இறங்கியிருக்கிறது என்றால் வெளியே எடுத்தது 4,50,000. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: எழுதிய 1,10,000, காணாமல் போன 1,65,000, உங்கள் கணக்கில் யுபிஐயாக வந்து வீட்டிலேயே செலவான 1,75,000, கூட்டினால் அதே 4,50,000. கணக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் அதை வெளியே எடுத்துப் போகலாம். வங்கி அதிகாரியின் கண் முதலில் போவதும் லாபத்துக்கு அல்ல, இங்கேதான். லாபத்தைவிட ஒன்றரை மடங்கு வீட்டுக்குப் போகிறது, அந்த ஓட்டையைக் கைமாற்றும் வியாபாரியின் முன்பணமும் அடைக்கின்றன. இதற்குப் பதில் தயாராக இருங்கள். வெள்ளத்துக்குப் பிந்தைய ஆண்டு, ஒருமுறை செலவுகள் இருந்தன என்பது உண்மையானால் அதையே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் ஆடிட்டரின் எட்டு சதவீதத்துக்கு வருகிறேன். அவர் சொல்வது வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு. விற்பனை 2 கோடிக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு, ரொக்கமாக வந்ததில் எட்டு சதவீதமும் வங்கி வழி வந்ததில் ஆறு சதவீதமும் லாபம் என்று காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே ரிட்டன் போடலாம். உப்பளத்துக்கு இது பொருந்தும். கடல்நீரைத் தேக்கி உப்பு எடுப்பது விவசாய வருமானம் அல்ல, வியாபார வருமானம் என்பதும் உறுதியான விஷயம், நிலத்திலிருந்து வருவதால் வரியே இல்லை என்று ஊரில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பிரிவிலேயே, எட்டு சதவீதம் அல்லது அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்ததாகச் சொல்லும் தொகை என்றுதான் இருக்கிறது. வங்கிக்கு 2,95,000, வரித்துறைக்கு 82,400 என்று இரண்டு தாள்கள் கொடுத்தால், வங்கியே ரிட்டன் நகலையும் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அப்பாவுக்கு வேறு வருமானம் இல்லை என்றால் இப்படிக் குறைத்துக் காட்டுவதில் மிச்சமும் இல்லை. 2024-25-க்குப் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரியே கிடையாது, 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி. 2,95,000-ஐ அப்படியே காட்டினாலும் வரி பூஜ்யம்தான். ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்ட ஆண்டுக்கு என்ன செய்யலாம் என்பதை அந்த ரிட்டனைக் கையில் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு, நீங்கள் கேட்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் பழைய சட்டம்தான்.

ரொக்கத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். சித்தப்பாவிடம் ஒரு லட்சத்தை ரொக்கமாக வாங்கியிருந்தால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது என்ற 269எஸ்எஸ் பிரிவு குறுக்கே வரும். அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம். உறவினருக்கென்று சட்டத்தில் விலக்கு இல்லை, நியாயமான காரணம் இருந்தால் தப்பிக்க வழி உண்டு, ஆனால் அதை நம்பி வாங்கக் கூடாது. இன்னொன்று, குத்தகையை ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுப்பது. முறையான கணக்கு வைத்து வரி போடும் நிலைக்கு நீங்கள் வந்தால், ஒருவருக்கு ஒரு நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு கழிக்கப்படாது. இரண்டையும் இனிமேலாவது வங்கி வழியாகச் செய்யுங்கள். நடந்ததை மறைத்துத் தேதியை மாற்றி எழுதுவது மட்டும் வேண்டாம்.

ஜிஎஸ்டி ரிட்டன் எங்கே என்று வங்கியில் கேட்டால் பயப்பட வேண்டாம். உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை, வரிவிலக்குள்ள சரக்கை மட்டும் விற்பவர் பதிவு செய்யத் தேவையும் இல்லை. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது.

எத்தனை அழகாகப் போட்டாலும் மார்ச் 31 பேலன்ஸ் ஷீட் ஒரு உப்பளத்தைச் சரியாகக் காட்டாது. அது பணம் எல்லாம் பாத்தியில் கிடக்கும் நாள். செப்டம்பர் 30-இல் அதே உப்பளம் வேறு ஆள் மாதிரி இருக்கும். அதனால் கேட்காவிட்டாலும் ஒரு பக்கம் கூடுதலாக வையுங்கள்: ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதவாரியாக ரொக்க வரவு, செலவு, மாத முடிவில் மிச்சம். நோட்டில் இருப்பதே இதுதான், இதற்கு எந்த மதிப்பீடும் தேவையில்லை. எந்த மாதத்தில் பள்ளம் ஆழமாக விழுகிறது, எந்த மாதத்தில் நிரம்புகிறது என்று அதில் தெரியும். சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனக் கடனை (அன்றாடத் தொழில் செலவுக்கான கடனை) எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் என்று வங்கிகள் கணக்கிடுவது வழக்கம், உங்கள் எண்ணில் அது சுமார் 2 லட்சம். சீசன் தொழிலுக்கு சீசனில் ஒரு வரம்பு, சீசன் இல்லாதபோது ஒரு வரம்பு என்று இரண்டாகப் பிரித்துத் தரவும் வழி இருக்கிறது. ஜனவரியில் எடுத்து ஆகஸ்ட்டில் கட்டும்படி தவணை கேளுங்கள். மாதாமாதம் ஒரே தவணை என்று ஒத்துக்கொண்டால் நவம்பரில் கந்துவட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக, ‘ஆடிட் செய்த கணக்கு’ வேண்டும் என்று வங்கியில் வாய்தவறிச் சொல்வார்கள். உங்கள் விற்பனைக்கும் 44ஏடி-க்குள் காட்டும் லாபத்துக்கும் வரித் தணிக்கை கட்டாயம் இல்லை. உரிமையாளர் கொடுத்த விவரங்களிலிருந்து தொகுக்கப்பட்டது, தணிக்கை செய்யப்படவில்லை என்று எழுதி, அப்பா கையெழுத்திட்டு, ஆடிட்டர் தன் யூடின் எண்ணோடு (ஒவ்வொரு ஆவணத்துக்கும் அவர் எடுக்கும் தனி அடையாள எண்) கையெழுத்திட்டால் சிறு கடன்களுக்குப் பொதுவாக ஏற்கிறார்கள். ஏற்காத கிளையும் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். சரக்கிருப்பு, பாத்திச் செலவு, எடுப்புகள் ஆகிய மூன்றும் எப்படிக் கணக்கிடப்பட்டன என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அடிக்குறிப்பில் இருக்கட்டும். எடைச் சீட்டுக் கட்டையும் நோட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். அடுத்த மார்ச் 31 அன்று அம்பாரத்தின் பக்கத்தில் அளவுகோலோடு ஒரு படமும், அன்றைய பாக்கிப் பட்டியல் ஒரு பக்கமும் எடுத்து வைத்துவிட்டால், அந்த ஆண்டுக் கணக்குக்கு இவ்வளவு தூரம் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்காது.